ஜிர்காடாங் பாதையில் ஒரு ஆசிரியர் பஸ்

போன மாதம் உங்களில் நான்கைந்து பேர் போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி நடத்தும் வேலைக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்கள் என்றீர்கள். இத்தனை வருஷம் இதைச் செய்தவள் என்பதால் அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். நான் டீ கொடுத்து, மழை வருவதற்குள் கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டேன். உங்கள் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பிறகு யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் உங்களுக்கு வேறொருவர் வேறு மாதிரி சொல்லிவிடுவார். சொல்லியும் விட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பாடம் எப்படி எடுப்பது, சார்ட் எப்படி ஒட்டுவது, குழுவாக எப்படி உட்காரவைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். சிலோனிலிருந்து அனுப்பப்பட்டு வந்து சேர்ந்த குடும்பம். மேல்படிப்புக்குப் போர்ட் பிளேர் வந்தபோது என்னைச் 'சிலோன்காரி' என்று கூப்பிட்டவர்கள் பெங்காலிகளோ தெலுங்கர்களோ அல்ல, தமிழ்ப் பிள்ளைகள்தான். ஒரு டீச்சர் வருகைப் பதிவிலும் அப்படியே கூப்பிடுவார், நானும் "பிரசன்ட்" என்பேன். ஆசிரியையான பிறகு இந்தப் பயிற்சி வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. கேட்டு வாங்கினேன்.

அந்தப் பயிற்சி முகாம் பாராடாங் தீவில் நடந்தது. பல பள்ளிகளிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆசிரியர்கள். தலைப்பு, 'வகுப்பறையில் இனப் பாகுபாடு'. நம் தீவுகளில் ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த பழங்குடிகளான ராஞ்சிக்காரர் பிள்ளைகளை, நிக்கோபாரிப் பிள்ளைகளை வகுப்பில் எப்படிக் கூப்பிடுகிறோம், யாரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைக்கிறோம், ஆண்டு விழாவில் யார் முகத்தில் கரி பூசி ஆடவைக்கிறோம் என்பதையெல்லாம் பேசினோம். நன்றாகத்தான் போயிற்று. அதிலும் குமரேசன் பேசியபோது அரங்கமே உருகிவிட்டது.

குமரேசன் தமிழாசிரியர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் கணவர் இறந்தபோது மூன்றாம் நாள்வரை எங்கள் வீட்டிலேயே இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டவர். அவர் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு மேலே படிக்காதீர்கள். அப்படி இருந்திருந்தால் இந்தக் கதையில் உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவர் சொன்னது இது. சென்னைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் விடுதியில் பையன்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அந்தமானா? அங்க நீங்கள்லாம் டிரஸ் போடுவீங்களா? மனுஷனச் சாப்பிடுவாங்களாமே?" என்று கேட்டார்களாம். ஒருவன் வில்லும் அம்பும் வரைந்து அவர் கதவில் ஒட்டி, ஒரு பட்டப்பெயரும் வைத்தானாம். மூன்று வருஷம் அந்தப் பட்டப்பெயர் போகவில்லையாம். "அந்த வலி எனக்குத் தெரியும்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. முன்வரிசையில் இருந்த டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். அவருக்கு எதனால் வலித்தது என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் போலீஸ் காவலோடு வண்டிகள் சேர்ந்து போகும் கடைசி கான்வாயைப் பிடிக்க வேண்டும் என்று மீந்த சாப்பாட்டுப் பொட்டலங்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். படகில் பஸ்ஸை ஏற்றி அக்கரை போய், மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வரிசையில் நின்றோம். அங்கிருந்து ஜிர்காடாங் வரை பழங்குடிகளான ஜாரவா மக்களின் காடு. விதிகள் உங்களுக்குத் தெரியும், போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. முன்னால் போலீஸ் வண்டி போகும். நடுவில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது.

பஸ்ஸை ஓட்டியவர் மனுவேல். பாராடாங்கில் குடியிருக்கும் ராஞ்சிக்காரர். ஒரு தமிழ்க் காண்ட்ராக்டரிடம் வெகுகாலம் லாரி ஓட்டியதால் நன்றாகவே தமிழ் பேசுவார். நான் அவருக்குப் பின்னால் முதல் சீட்டில், மடியில் சார்ட் சுருள்களோடு உட்கார்ந்திருந்தேன்.

பாதி தூரம் வந்திருப்போம். லேசான தூறல். ரோட்டோரம் ஒரு ஜாரவாப் பெண், இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுவன். எங்களுடையதுதான் வரிசையில் கடைசி வண்டி. முன்னால் போன வண்டிகள் வளைவில் மறைந்துவிட்டன.

"மனுவேல், தீரே, தீரே. கொஞ்சம் ஸ்லோ பண்ணுப்பா." பின்னாலிருந்து குமரேசனின் குரல்.

மனுவேல் கண்ணாடியில் பார்த்தார். "ஸார், ரூல் இல்ல ஸார்."

"அரே, நிறுத்தச் சொல்லலையே. ஸ்லோதான் பண்ணச் சொல்றோம். நாங்க சொல்றோம்ல."

இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். "பண்ணு பாய், ஒரு நிமிஷம்." பஸ்ஸின் வேகம் குறைந்தது. எல்லோரும் இடதுபக்க ஜன்னல்களுக்குப் பாய்ந்ததில் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. எனக்கு என்ன நடக்கிறது என்று உறைப்பதற்குள் கணக்கு ஆசிரியர் ஒருவர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார்.

"மனுவேல், வண்டிய எடுங்க! யாரும் போட்டோ எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்து பின்னால் ஓடினேன். சார்ட்டுகள் தரையில் உருண்டன. அதற்குள் யாரோ ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை வெளியே எறிந்தார்கள். அது சேற்றில் விழுந்து பிரிந்தது. அந்தப் பெண் குழந்தையின் முகத்தைத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிறுவன் குனிந்து பொட்டலத்தை எடுத்தான்.

பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். காலையில் பாகுபாடு பற்றிப் பேசி, கண் கலங்கி, 'என் வகுப்பறையில் இனி ஒருபோதும்' என்று தொடங்கும் உறுதிமொழியை எழுந்து நின்று வாசித்தவர்கள். மிருகக்காட்சிசாலையில் குரங்கு வாழைப்பழம் வாங்கினால் தட்டுவோமே, அந்தக் கைதட்டல்.

நான் போய் ஜன்னலுக்கும் கணக்கு ஆசிரியரின் போனுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கண்ணாடியை இழுத்து மூடினேன். பஸ் வேகமெடுத்தது.

"அக்கா, என்ன இது, இவ்வளவு டென்ஷன் ஆகறீங்க? ஒரு போட்டோதானே. கிளாஸ்ல பசங்களுக்குக் காட்டத்தான். எஜுகேஷனல் பர்பஸ்" என்றார் குமரேசன். முகத்தில் சிரிப்பு. குற்றம் செய்தவனின் சிரிப்பில்லை அது. சுற்றுலா வந்தவனின் சிரிப்பு.

"காலையில என்ன பேசினீங்க குமரேசன்?"

"அது வேற, இது வேற அக்கா. ஹாஸ்டல்ல அவனுங்க என்னை அவமானப்படுத்தணும்னு கேட்டானுங்க. நாம இவங்களை என்ன பண்ணிட்டோம்? பாவம், சாப்பாடுதானே கொடுத்தோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சென்னைக் கல்லூரியில் அவருக்கு வலித்தது அந்தக் கேள்வியில் இருந்த கேவலம் அல்ல. தன்னை இந்த மக்களோடு சேர்த்துவிட்டார்களே என்பதுதான். அவருடைய கண்ணீர் உண்மை. அது யாருக்காக என்பதில்தான் நான் ஏமாந்தேன். ஒருவர் தன் அவமானத்தை உருக்கமாகச் சொன்னால், அடுத்தவர் அவமானமும் அவருக்குப் புரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். நீங்களும் நம்புவீர்கள். பயிற்சிக் கூடத்தில் நிறையக் கண்ணீரைப் பார்ப்பீர்கள்.

ஜிர்காடாங் செக்போஸ்ட் நெருங்கியது. பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கியிருந்தது. போன்களில் படங்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். குமரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில், "அக்கா, செக்போஸ்ட்ல ஒண்ணும் சொல்லிடாதீங்க. எல்லாருக்கும் வேலை போயிடும். கேஸ் ஆயிடும். குடும்பம் இருக்கு" என்றார்.

சில நிமிஷங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அங்கே இறங்கி நான் சொன்னால் போலீஸ்காரர் முதலில் யார் சட்டையைப் பிடிப்பார்? ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவரைத்தான். ஆசிரியர்கள் அதற்குள் வேறு கதை தயாரித்திருப்பார்கள். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இங்க நான் பேசப் போறதில்லை. திங்கட்கிழமை ஆபீஸ்ல நடந்ததைச் சொல்லுவேன். அதுக்கு முன்னால நீங்களே போய்ச் சொன்னா நல்லது. டிரைவரை ஸ்லோ பண்ணச் சொன்னது நாமதான்னு சொல்லுங்க. அது போதும்."

மனுவேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. பயம் இருந்தது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை சொன்னேன். என் மேலதிகாரி காது கொடுத்துக் கேட்டார். "மேடம், இது நம்ம வீட்டு விஷயம். வெளியே போக வேண்டாம். நான் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்" என்று ஹிந்தியில் சொன்னார். அவர் யாரையும் கூப்பிடுவதற்குள் கணக்கு ஆசிரியர் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்த வீடியோ ஊர் சுற்றி ஒரு பத்திரிகைக்காரர் கைக்குப் போய்விட்டது. அழித்தேன் என்றவர் அனுப்பிவிட்டுத்தான் அழித்திருந்தார். அதில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் தெரிந்தார்கள். கைதட்டல் கேட்டது. "தீரே, தீரே" என்ற குரலும் கேட்டது. அது யாருடைய குரல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

விசாரணை வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், என்னைப் பார்க்காமல் படியிறங்கினார்கள். எனக்குக் கடைசியில்தான் அழைப்பு வந்தது.

"மேடம், டிரைவர் தானாகவே ஸ்லோ பண்ணினான், டூரிஸ்டுகளுக்குப் பண்ணிப் பண்ணி அவனுக்கு அது பழக்கம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் விசாரணை அதிகாரி.

"டூரிஸ்ட் பழக்கம் அவருக்கு இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அன்னைக்கு அவர் ரூல் இல்லன்னு சொன்னார். நம்ம ஆளுங்கதான் பண்ணச் சொன்னாங்க. வீடியோவிலேயே குரல் இருக்கே."

"குரல் தெளிவா இல்லை."

"இன்னொரு தடவை போடுங்க. நான் பேர் சொல்றேன்."

அவர் போடவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை, களைத்துப்போன மாதிரி பேசினார். "யோசிச்சுப் பாருங்க மேடம். ஒரு பக்கம் இத்தனை ஆசிரியர்கள். படிச்சவங்க. இன்னொரு பக்கம் ஒரு ராஞ்சி டிரைவர். ராஞ்சிக்காரங்க எப்படின்னு உங்களுக்கே தெரியும். நான் யாரை நம்பறது?"

ராஞ்சிக்காரங்க எப்படி? எனக்குத் தெரியும். இந்தத் தீவில் ரோடு போட, மரம் வெட்ட அழைத்துவரப்பட்டவர்கள். அந்த ரோட்டில்தான் நாங்கள் பஸ்ஸில் போனோம். இதை அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார். "நீங்க பயிற்சியில நல்லா பேசுவீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார்.

ஆசிரியர்களுக்கு எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை. மனுவேல் மீது வழக்கு. லைசென்ஸை முடக்கினார்கள். பஸ் முதலாளி அவரை அன்றைக்கே நிறுத்திவிட்டார். எனக்கு நீங்கள் கேட்டுச் சிரிக்கும்படி ஒரு தண்டனை வந்தது: முகாமில் கலந்துகொண்டவர்களின் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வேறொருவர் போட்டுவிட்டார். அந்த பஸ்ஸில் இருந்த எல்லோரிடமும் இன்றைக்கு மனித உரிமைக் கல்வியில் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாராடாங் போனேன். மனுவேல் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் நின்று டயர் ட்யூபில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மனுவேல், மேல அப்பீல் போடலாம். நான் சாட்சி சொல்றேன். வக்கீலுக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

"வேணாம் மேடம்ஜி."

"ஏன்? நீங்க செய்யாததுக்கு..."

"செஞ்சேன். ஸ்லோ பண்ணேன்ல?" ட்யூபைக் கீழே வைத்தார். "இத்தனை ஸாருங்க, மேடமுங்க சொல்றப்போ ராஞ்சிக்காரன் மாட்டேன்னு சொல்லுவானா? ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்ல முடியல. என் பொண்ணு பத்தாவது படிக்குது. யார்கிட்ட? அந்த பஸ்ஸுல இருந்த மேடம்கிட்டதான் சயின்ஸ் படிக்குது. பிராக்டிகல் மார்க்கு அவங்க கையில."

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"நீங்க உண்மைய சொன்னீங்க. அச்சா. உங்களுக்குச் சம்பளம் நிக்கல. நீங்க பேசப் பேச அவங்க என் பொண்ணைப் பாக்குறாங்க. மேடம்ஜி, கைகூப்பிக் கேக்குறேன், அவ ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க."

நான் ஒரு கொள்கையோடு போயிருந்தேன். உண்மையைச் சொல்லாமல் விட்டால் அடுத்த பஸ்ஸிலும் இதேதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் விலை கொடுக்கப்போவது நான் இல்லை, அவருடைய மகள். "சரி, பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். படகில் வரும்போது எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

நீங்கள் இதைக் கோழைத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகச் சண்டை போடுகிறோமோ அவர் நிறுத்து என்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்பதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. நானும் அதுவரை யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

அதற்குப் பிறகு பயிற்சிகளுக்கு என்னைக் கூப்பிடுவது மெல்ல நின்றது. குமரேசனைக் கூப்பிட்டார்கள். அவர் நன்றாகப் பேசுவார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு நான் போகவில்லை. அவர் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது மனுவேலின் மகள் பள்ளியை முடித்துவிட்டு நர்சிங்குக்கு மெயின்லேண்ட் போயிருந்தாள். பிரிவு உபசார விழாவுக்கு முந்தைய நாள் அவருக்கு போன் செய்தேன். படகுத் துறையில் சிமென்ட் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் யாரும் அவருக்கு பஸ் கொடுக்கவில்லை.

"மனுவேல், நாளைக்கு மேடையில சொல்லலாமா?"

பின்னால் மூட்டை விழும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க மேடம்ஜி. இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?"

விழாவில் குமரேசன்தான் வாழ்த்துரை. என்னைத் தன் கண்ணைத் திறந்தவர் என்றார். அரங்கம் தட்டியது. ஏற்புரைக்கு எழுந்தேன். நன்றி எல்லாம் சொல்லவில்லை. அந்த பஸ்ஸில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். யார் ஸ்லோ பண்ணச் சொன்னது, யார் வீடியோ எடுத்தது, யார் யார் கை தட்டியது, விசாரணையில் என்ன சொன்னார்கள், மனுவேல் இப்போது எங்கே மூட்டை இறக்குகிறார். பெயர்களோடு சொன்னேன். பாதிப் பேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கோபப்படுவார்கள், மறுப்பார்கள், வெளியேறுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போகணும்" என்று மைக்கில் அறிவித்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். குமரேசன் மட்டும் என்னிடம் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ரொம்ப நல்லா பேசினீங்க. இதுதான் ரியல் லைஃப் எக்ஸாம்பிள். நம்ம ட்ரெய்னிங்ல கேஸ் ஸ்டடியா வெச்சுக்கலாமா? பேரு மட்டும் வேணாம்."

கையை உருவிக்கொண்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நீங்கள் என் வீட்டுக்கு வந்த அன்று, கிளம்பும்போது உங்களில் ஒருவர் தன் பயிற்சிக் கையேட்டை மறந்துபோய் என் மேஜையில் விட்டுச் சென்றிருந்தார். புரட்டிப் பார்த்தேன். இரண்டாவது பாடத்தில் ஒரு கதை இருக்கிறது. படிப்பறிவில்லாத பஸ் டிரைவர் ஒருவர் காட்டுப் பாதையில் பழங்குடியினரைப் பார்த்ததும் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார். பஸ்ஸில் இருந்த ஆசிரியர்கள் எழுந்து, அது ஏன் தவறு என்று அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்கிறார்கள். அவர் மனம் திருந்துகிறார். கீழே ஒரு கேள்வி: 'ஓட்டுநரின் மனப்பான்மைக்குக் காரணம் என்ன? குழுவாக விவாதிக்கவும்.'

விவாதியுங்கள். அந்த ஓட்டுநரின் பெயர் மனுவேல். "ரூல் இல்ல ஸார்" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.